சந்தியாகுபட்டி விலக்குக் கேமரா

சந்தியாகுபட்டி விலக்கில் கேமராக் கம்பம் நட்ட அன்றைக்கு ஊருக்கே லட்டு கொடுத்தார்கள். ஆளுக்கு ஒன்று. வாங்கினவர்கள் பேரை ஒரு நோட்டில் எழுதி, நேரே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். "லட்டுக்கு எதுக்குய்யா கையெழுத்து?" என்று விலக்கில் டீக்கடை வைத்திருக்கும் லூர்தம்மாள் கேட்டதற்கு, "மத்திய அரசு நிதிம்மா, ஒவ்வொண்ணுக்கும் அத்தாட்சி காட்டணும்" என்றான் நோட்டு வைத்திருந்தவன். லூர்தம்மாள் ஒரு வாய் கடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கோழிக்குப் பிய்த்துப் போட்டாள்.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற ரோட்டில், சாணார்பட்டி தாண்டி, ஊருக்குப் பிரிகிற இடம் அது. ஒரு டீக்கடை, ஒரு பஸ் நிழற்குடை, மாதா சிலை நிற்கிற ஒரு கெபி. கெபிக்குப் பக்கத்தில்தான் கம்பம். நாலு திசைக்கு நாலு கேமரா, இடுப்பு உயரத்தில் ஒரு தகரப் பெட்டி, அதற்கு மேலே 'பாதுகாப்பான கிராமம்' என்று நீலப் பலகை. கம்பத்துக்கு மாலை போட்டு, கேமராவுக்கெல்லாம் சந்தனம் வைத்தார்கள். எஸ்.ஐ. சிவபிரகாஷ் மைக்கைப் பிடித்து, "இனி இந்த விலக்குல ஒரு காக்கா பறந்தாலும் நாங்க ஸ்டேஷன்ல உக்காந்து பாப்போம்" என்றார். ஜனங்கள் கை தட்டினார்கள்.

புஷ்பமேரியும் தட்டினாள். கம்பத்துக்குப் போட்ட மாலையே அவள் காட்டுச் செண்டுமல்லியில் கட்டியதுதான். எஸ்.ஐ. சொன்னதை அவள் அப்படியே நம்பினாள். பிற்பாடு அந்தக் கைதட்டலை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் உள்ளங்கையைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அவளுக்கு நாற்பத்தாறு வயசு. புருஷன் ராயப்பராஜ், எதிர்த்துப் பேசத் தெரியாத மனுஷன். செவக்காட்டில் ஒன்றரை ஏக்கர், அரைநாள் ஓடுகிற கிணறு, அதை நம்பிச் செண்டுமல்லி, ஓரத்தில் கொஞ்சம் தக்காளி. ஒரே மகள் ஏஞ்சலின் பி.காம். படித்துவிட்டு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் வேலைக்கு மில் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள்.

கம்பம் நட்டது வைகாசியில். ஆடி மூன்றாம் வெள்ளிக்குப் பூவுக்கு நல்ல விலை கிடைக்கும் என்று வியாழக்கிழமை பொழுது சாயுமட்டும் பறித்தார்கள். ஆடிக் காற்று சிறுமலைப் பக்கமிருந்து வந்து செம்மண் புழுதியை வாரி முகத்தில் அடித்தது. புஷ்பமேரி தலைத்துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு குனிந்தவள், சாக்கு நிறையும்போதுதான் நிமிர்ந்தாள். விடிகாலை நாலரைக்கு ராயப்பராஜ் எக்ஸெல் வண்டியில் முன்னால் ஒரு சாக்கும் பின்னால் இரண்டு சாக்கும் கட்டிக்கொண்டு பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பினான். விலக்கில் பெரிய ரோட்டில் ஏறி நேராகும்போது, கிழக்கே இருந்து வந்த கார் பின்னாலிருந்து அடித்துத் தூக்கிப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. சரியாகக் கம்பத்துக்குக் கீழே.

கடை திறக்க வந்த லூர்தம்மாள் சத்தம் கேட்டுத் திரும்பினாள். வெள்ளைக் கார். இடதுபக்க விளக்கு எரியவில்லை. திண்டுக்கல்லைப் பார்க்கப் போயிற்று. அவ்வளவுதான் அவள் பார்த்தது. ரோடு முழுக்க மஞ்சள் மஞ்சளாகப் பூ சிதறிக் கிடக்க, நடுவில் ராயப்பராஜ் ஒரு காலைத் தன்னுடையது இல்லாத மாதிரிப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. பெரியாஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். ஆறு மாசம் கால் ஊன்றக் கூடாது என்றார்கள்.

மறுநாள் புஷ்பமேரி பூவாயிபுரம் ஸ்டேஷனுக்குப் போனாள். எழுத்தர் மோகன்குமார் தலை நிமிராமல் கேட்டான்.

"தூக்கக் கலக்கத்துல விழுந்துருப்பாரும்மா. மூணு மூட்டையக் கட்டிட்டுப் போனா எக்ஸெல்லு நிக்குமா?"

"வெள்ளக் காரு அடிச்சதுங்க சார். டீக்கட லூர்தம்மா பாத்துருக்கு."

"நம்பர் பாத்துச்சா அந்தம்மா?"

"அது எழுத்துக் கூட்டி வாசிக்கவே அர நாளாகும். நம்பருதான் கேமராவுல இருக்கும்ல சார். கம்பத்துக்கு அடியிலதான அடிச்சிருக்கு."

மோகன்குமார் எஸ்.ஐ.யைப் பார்த்தான். எஸ்.ஐ. சிவபிரகாஷ் ஜன்னலைப் பார்த்தார்.

"கேமரா இருக்கு. ரெக்கார்டிங் இல்ல," என்றார்.

"அப்படின்னா சார்?"

"படத்தப் பிடிச்சு வைக்கிற பொட்டி ஒண்ணு வேணும். அத இன்னும் மாட்டல."

"வாங்கலயா?"

"அதெல்லாம் வாங்கியாச்சும்மா," என்று மோகன்குமார் எடுத்துக்கொண்டான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னான். "பொட்டி வந்து எக்யூப்மெண்டு ஹெட்டு, அதாவது சாமான் வாங்குற கணக்கு. அது மொதத் தவணையில வந்துருச்சு. மாட்டுற செலவு, நெட்டு கனெக்சன், கரண்டு பில்லு, இதெல்லாம் வேற ஹெட்டு. அது ரெண்டாந் தவணையில வரும். கேமராவெல்லாம் நல்லா வேல செய்யுது, ஜனங்களுக்குப் பிரயோசனமா இருக்குன்னு நாங்க எழுதி அனுப்புனாத்தான் ரெண்டாந் தவணைய விடுவாங்க."

"வேல செய்யாம எப்படி சார் வேல செய்யுதுன்னு எழுதுவீக?"

"அது ஆபீஸ் விசயம். ஒனக்குப் புரியாது."

புஷ்பமேரிக்கு நன்றாகப் புரிந்தது. மாட்டை வாங்கிவிட்டார்கள், கயிற்றுக்கு வேறு ஆபீஸ் என்கிறார்கள். கயிறு வருகிறமட்டும் பால் கறந்ததாக எழுதிக்கொண்டிருப்பார்கள். அவள் பார்வை அந்த அறையைச் சுற்றி வந்தது. மோகன்குமாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. அதன்மேல் மூன்று டீ கிளாஸ். பெட்டியின் பக்கவாட்டில் 'பாதுகாப்பான கிராமம்' என்று நீல எழுத்தில் காகிதம் ஒட்டியிருந்தது. அவள் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு மோகன்குமார் கிளாஸ்களை எடுத்து மேசைமேல் வைத்தான். அவளுக்காக அந்த ஸ்டேஷன் அன்றைக்குச் செய்த ஒரே வேலை அதுதான்.

"சரிங்க சார்," என்று எழுந்து வந்துவிட்டாள். சண்டை போடுவதற்கும் எதிரே ஒரு ஆள் வேண்டும் அல்லவா.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அவளுக்கு அந்த விளக்குதான் நினைவுக்கு வந்தது. ஒற்றைக்கண் காரை எத்தனை நாளைக்கு ஓட்டுவான்? எங்காவது பட்டறையில் விட்டுத்தான் ஆகவேண்டும். திண்டுக்கல்லைப் பார்க்கத்தான் போயிருக்கிறான்.

இரண்டு நாள் நடந்தாள். ஆஸ்பத்திரியில் காலையில் புருஷனுக்கு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு, ஏஞ்சலினின் போனை வாங்கி மடியில் சொருகிக்கொண்டு கிளம்புவாள். நத்தம் ரோட்டில், பழனி ரோட்டில், பைபாஸ் ஓரத்தில், எங்கெங்கே தகரம் தட்டுகிற சத்தம் கேட்டதோ அங்கெல்லாம் போய் நின்றாள். "வெள்ளக் காரு, இடப்பக்க வெளக்கு ஒடஞ்சது வந்துச்சாண்ணே?" சிலர் ஏற இறங்கப் பார்த்தார்கள். சிலர் "என்னம்மா, கேஸா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். ஒருவன் "போலீஸக் கூட்டிட்டு வா" என்றான். செருப்பு வார் அறுந்துபோய் ஊக்கு குத்தி நடந்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் பதினாலாவதாகப் போனது அஸ்பாக் பட்டறை. அஸ்பாக்குக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். கிரீஸ் கையைத் துடைத்தபடி அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான்.

"பூ மூட்டையாக்கா? என்ன பூ?"

"செண்டுமல்லி."

அவன் துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு ஒரு பழைய ஆயில் டப்பாவை எடுத்து அவள் முன்னால் நீட்டினான். உள்ளே வாடிக் கறுத்த மஞ்சள் இதழ்கள் ஒரு கைப்பிடி.

"கிரில்லுக்குள்ள இருந்து நோண்டி எடுத்தேங்க்கா. நாய் குறுக்க வந்துருச்சுன்னு சொன்னாரு. நாயி பூ வச்சிட்டா போகும்னு நானே நெனச்சேன்."

"வண்டி இருக்கா?"

"கஸ்டமர் வண்டிக்கா. ரெகுலரா வாரவரு. மில்லுகளுக்கு ஆள் சேத்து விடுற ஏஜண்டு. நான் காட்டிக் குடுத்தேன்னு தெரிஞ்சா எனக்குப் பொழப்பு போயிரும்."

புஷ்பமேரி அங்கேயே நின்றாள். வெயில் தகரக் கூரையில் இறங்கி உள்ளே அனலாய்க் கொதித்தது. அஸ்பாக் அவள் காலைப் பார்த்தான், ஊக்கு குத்திய செருப்பைப் பார்த்தான்.

"நான் டீ சொல்லிட்டு வாரேன். செத்த நேரம் ஆகும்," என்று வெளியே போனான். போகிறபோது பின்பக்கம் மூடியிருந்த தார்ப்பாயைக் காலால் ஒதுக்கிவிட்டுப் போனான்.

நம்பர் பலகை, உடைந்த விளக்கு, நசுங்கிய முகப்பு எல்லாவற்றையும் படம் பிடித்தாள். அஸ்பாக் இரண்டு டீயோடு வந்தான். அவள் குடித்து முடிக்கிறவரை அவன் எதிர்ப்பக்கம் திரும்பி ஏதோ போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். வருகிறபோது அந்த இதழ்களைக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டாள்.

படத்தைப் பார்த்ததும் எஸ்.ஐ.க்கு முகம் சுண்டிப்போயிற்று. வேறு வழியில்லாமல் எஃப்.ஐ.ஆர். போட்டார். ஏஜண்டை வரவழைத்தார், அவன் வந்தான், ஜாமீனில் போனான். அதோடு நின்றது. "சார்ஜ் ஷீட்டு கோர்ட்டுக்குப் போகாம இன்சூரன்ஸ் கேஸ் நகராதும்மா" என்று வக்கீல் சொன்னார். ஆடி போய் ஆவணி போயிற்று. ஸ்டேஷனுக்குப் போனால், "போட்டுருவோம்மா" என்பான் மோகன்குமார். அட்டைப்பெட்டி அதே இடத்தில்தான் இருந்தது. மேலே இப்போது ஹெல்மெட்.

வீட்டில் ராயப்பராஜ் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். காட்டு வேலை முழுக்க அவள் தலையில். ஆவணியில் ஒரு மழை பெய்து களை மண்டியது. புரட்டாசியில் செடி பூத்துத் தள்ளியது. ஆயுத பூசைக்குத் தமிழ்நாட்டில் செண்டுமல்லிக்கு அலையாத ஆள் கிடையாது. கூலிக்கு ஆள் கிடைக்காமல், மில் லீவு நாளில் ஏஞ்சலினும் சேர்ந்து பறித்தாள்.

ஆயுத பூசைக்குப் பத்து நாள் இருக்கும்போது காட்டுக்கு மோட்டார் சைக்கிள் ஒன்று வந்தது. மோகன்குமார். வரப்பில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, பூட்சில் சேறு படாமல் வந்தான்.

"என்னம்மா, பூவு நல்லா வந்துருக்கு போல."

"என்ன விசயம் சார்?" அவள் நிமிரவில்லை. கை பறித்துக்கொண்டிருந்தது.

"நல்ல விசயந்தான். வாற வியாழக்கெழம டெல்லியில இருந்து ஆய்வுக்குழு வருது. ரெண்டாந் தவணைக்கு. நம்ம விலக்கத்தான் பாக்குறாங்க. ஒரு வெற்றிக் கத வேணுமாம்."

"என்ன கத?"

"வெற்றிக் கதம்மா. கேமராவால பிரயோசனம் அடைஞ்ச ஒரு ஆளு மேடையில வந்து பேசணும். மாவட்டத்துல எங்க தேடியும் ஆளு கெடைக்கல. நம்ம ஸ்டேஷன்ல ஒங்க கேஸு மட்டுந்தான் கம்பத்துக்குக் கீழ நடந்து, வண்டியும் கெடச்சுருக்கு. எஸ்.ஐ. ஒங்களச் சொல்லிட்டாரு."

இதுவரை நீ என்று பேசினவன் நீங்க என்று ஆரம்பித்திருந்ததை அவள் கவனித்தாள். இடுப்பை நிமிர்த்தினாள்.

"என்ன சொல்லணும்?"

அவன் சட்டைப்பையிலிருந்து காகிதம் எடுத்துப் படித்தான். "விபத்து நடந்த நாப்பத்தெட்டு மணி நேரத்துல, கண்காணிப்புக் கேமராவுல பதிவான காட்சிய வச்சு, காவல்துறையினர் வாகனத்தக் கண்டுபிடிச்சாங்க. எங்க குடும்பத்துக்கு நீதி கெடச்சது. அவ்வளவுதான். நாலு வரி."

"அந்த நாப்பத்தெட்டு மணி நேரமும் நான்ல நடந்தேன்."

"அது யாரு இல்லைன்னா? ஆனா நீங்க நடந்ததுக்கு நிதி வராதும்மா."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இந்த ஆள்மேல் கோபம்கூட வரவில்லை அவளுக்கு. தக்காளியில் புழு விழுந்தால் கோபமா வருகிறது? கிள்ளிப் போடத்தான் தோன்றும்.

"சார்ஜ் ஷீட்டு எங்க சார்?"

"வியாழக்கெழம பேசுங்க. திங்கக்கெழம தாக்கல் பண்ணிருவோம். எஸ்.ஐ. சொல்லி விட்டாரு."

"நாங்க பூவு யாவாரம் பண்ணுற ஆளுக சார். எட போடாம சாக்க எறக்குறதில்ல. மொத தாக்கல் பண்ணுங்க. கோர்ட்டு நம்பரக் குடுங்க. பெறகு மேடைக்கு வாரேன்."

"என்னம்மா நம்பிக்கை இல்லாமப் பேசுறீங்க."

"இல்லதான் சார்," என்று மறுபடி குனிந்தாள்.

அன்று சாயங்காலம் மொச்சைக் குழம்பும் சோறும். தொட்டுக்கொள்ள வெஞ்சனமாக வெங்காயத்தை நறுக்கி வைத்துவிட்டு அவள் நடந்ததைச் சொன்னாள். ஏஞ்சலினுக்குத் தட்டில் கை நின்றுவிட்டது.

"நீ சொல்லாதம்மா. அவுக திருட்டுத்தனத்துக்கு நம்ம வாய வாடகைக்குக் குடுக்கணுமா?"

"நாலு வரிதான," என்றான் ராயப்பராஜ் கட்டிலிலிருந்து. "சொல்லிட்டு வா மேரி. போலீஸோட மல்லுக்கு நிக்க முடியுமா? நாளைக்கி ஒண்ணுன்னா அவுககிட்டதான போகணும்."

"இப்ப ஒண்ணுன்னுதான போனேன்," என்றாள் புஷ்பமேரி. "டீ கிளாஸ எடுத்து வச்சாக."

"அப்ப என்னதான் செய்யப்போற?"

"தெரியலங்க. நம்பரு வரட்டும்."

அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. புருஷன் கால், வக்கீல் சொன்னது, எல்லாம் ஒரு பக்கம் இழுத்தன. நாலு வரி சொல்வதால் நாக்கு ஒன்றும் அழுகிவிடப் போவதில்லை. எத்தனை பொய்யை எத்தனை பேர் தினமும் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள்.

புதன்கிழமை மத்தியானம் மோகன்குமாரே போன் பண்ணி நம்பர் சொன்னான். இரண்டு மாசமாக நகராத காகிதம் ஆறு நாளில் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஏஞ்சலின் போனில் கோர்ட்டுப் பக்கத்தைத் திறந்து தட்டிப் பார்த்தாள். இருந்தது. வக்கீலிடமும் கேட்டாள். "ஏறிருச்சும்மா, இனி அவங்களே நெனச்சாலும் எறக்க முடியாது," என்றார்.

வியாழக்கிழமை விலக்கே மாறிப்போயிருந்தது. ஷாமியானா, நாற்காலி, ஆறடிக்கு ஒரு கொடி. கம்பத்துக்குப் புதுப் பெயிண்டு. லூர்தம்மாளின் கடையை அரைநாள் மூடச் சொல்லிவிட்டார்கள். கீற்றுக் கொட்டகை போட்டோவில் அசிங்கமாக விழுமாம். கார்கள் வரிசையாக வந்தன. டெல்லி அதிகாரி ஐம்பது வயசுக்காரர், நரைத்த தலை, களைத்த முகம். அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் திட்டத்தின் ஆலோசகர் ரோஷன், சென்னையிலிருந்து வந்த பையன், கழுத்தில் அட்டை தொங்க, டெல்லிக்காரர் காதிலேயே குடியிருந்தான். ஊராட்சி ஆட்கள் ஆளுக்கொரு சால்வையோடு முண்டியடித்தார்கள். ஒரு மனிதருக்கு ஏழு சால்வை. புரட்டாசி வெயிலில் அவர் போர்த்திய மாட்டைப்போல உட்கார்ந்திருந்தார்.

புள்ளிவிவரம் வாசித்தார்கள். விலக்கில் குற்றங்கள் அறுபது சதவீதம் குறைந்துவிட்டனவாம். அந்த விலக்கில் மொத்தமே என்ன குற்றம் நடந்தது, அதில் எப்படி அறுபது குறைந்தது என்று கேட்க ஆளில்லை. அடுத்து, பயனாளி பேசுவார் என்றார்கள். பயனாளி என்றது தன்னைத்தான் என்று புஷ்பமேரிக்கு ஏஞ்சலின் இடித்த பிறகுதான் தெரிந்தது.

மைக் முன்னால் நின்றாள். எஸ்.ஐ. சிவபிரகாஷ் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு, அவளைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், நல்ல பிள்ளையாகப் பாடத்தை ஒப்பி என்கிற மாதிரி. அந்தத் தலையாட்டலில்தான் அவளுக்குத் தீர்மானம் வந்தது.

"எம் பேரு புஷ்பமேரி. எங்க வீட்டுக்காரர இந்தக் கம்பத்துக்கு அடியிலதான் காரு அடிச்சது. கேமரா ஒண்ணும் பாக்கல. பாக்குற பொட்டி ஸ்டேஷன்ல டீ கிளாஸுக்கு அடியில இருக்கு. நாந்தான் ரெண்டு நாளு பட்டற பட்டறையா நடந்து வண்டியக் கண்டுபிடிச்சேன். ஒரு நல்ல மனுசன் ஒத்தாச பண்ணுனாரு, அவரு பேரச் சொல்ல மாட்டேன். அவ்வளவுதாங்க."

ஷாமியானாவுக்குள் பெண்கள் பக்கம் யாரோ இருமினார்கள். எஸ்.ஐ.யின் கால் கீழே இறங்கியது. டெல்லிக்காரர் ரோஷன் பக்கம் தலையைச் சாய்த்தார். ரோஷன் ஒரு வினாடிகூடத் தடுமாறவில்லை. தெளிவான இங்கிலீஷில், சிரித்த முகத்தோடு, நீளமாகச் சொன்னான். டெல்லிக்காரர் முகம் மலர்ந்தது. கை தட்டினார். அவர் தட்டியதும் மேடை தட்டியது. மேடை தட்டியதும், அவள் சொன்னதைத் தமிழில் ஒரு வார்த்தை விடாமல் கேட்ட ஊரும் தட்டியது.

மேடையை விட்டு இறங்கியவள் கையை ஏஞ்சலின் பிடித்தாள். மகள் முகம் சிவந்திருந்தது.

"என்ன சொன்னான்?" என்று கேட்டாள் புஷ்பமேரி.

"கேமராதான் வண்டியக் கண்டுபிடிச்சதுன்னு நீ சொன்னியாம். போலீசுக்கு ஆயுசுக்கும் கடமப்பட்டிருக்கேன்னியாம். இந்த மாதிரி இன்னும் எட்டுக் கம்பம் வேணும்னு ஊரு சார்பா கேட்டியாம்."

"எட்டா?"

"எட்டு."

புஷ்பமேரி அந்தப் பையனைப் பார்த்தாள். அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தான். அவள் மறுபடி மேடைப் பக்கம் நடந்தாள். மைக்குக்குப் போகவில்லை. டெல்லிக்காரர் முன்னால் போய், தோட்டத்துக்கு வந்த வியாபாரியைக் கூப்பிடுகிற மாதிரிக் கையைக் காட்டினாள்.

"செத்த வாங்க சார்."

பயனாளி ஆசையாகக் கூப்பிடுகிறாள் என்று அவர் எழுந்தார். போட்டோக்காரர்கள் பின்னாலேயே ஓடினார்கள். பத்துத் தப்படியில் கம்பம். தகரப் பெட்டியைப் புதுக் கம்பியால் முறுக்கிக் கட்டி, 'அபாயம்' என்று ஒட்டியிருந்தார்கள். புஷ்பமேரி கம்பியைப் பிரித்துக் கதவைத் திறந்தாள்.

உள்ளே எதிலும் சேராத நாலு வயர் நுனி, ஒரு குளவிக்கூடு, லூர்தம்மாள் ராத்திரிக்கு வைத்துவிட்டுப் போகிற விளக்குமாறு.

இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. டெல்லிக்காரர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மேலே நாலு கேமராவையும் பார்த்தார். பிறகு ரோஷனை, எஸ்.ஐ.யை, கடைசியாக அவளை. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் மேடையில் என்ன சொன்னாள் என்பதுகூட விளங்கிவிட்டது. அவர் முகத்தில் கோபம் மாதிரி ஒன்று வந்ததை அவள் பார்த்தாள். ஒரு கணம், இவர் மனுஷன், என்று நினைத்தாள்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்து நத்தத்தில் ஒரு கம்பம், அதற்கப்புறம் மதுரையில் விமானம். கோபம் வந்த வழியே போய்விட்டது. அவரே பெட்டிக் கதவைச் சாத்தினார். புதுப் பெயிண்டில் கீறல் விழாமல் கம்பியை நிதானமாக முறுக்கிவிட்டார். அவளைப் பார்த்துக் கும்பிட்டார். ரோஷனிடம் ஏதோ சொல்லிக்கொண்டே காரைப் பார்க்க நடந்தார்.

"சார் என்ன சொல்லுறாரு?" என்று எஸ்.ஐ. கவலையோடு ஓடினார்.

ரோஷன் நோட்டில் குறித்துக்கொண்டே தமிழில் சொன்னான். "பராமரிப்பு சரியில்லையாம். அதுக்குன்னு தனியா ஒரு ஹெட்டு போட்டு, சேத்துக் கேக்கச் சொல்றாரு."

எஸ்.ஐ. முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

கார்கள் போன பிறகு மோகன்குமார் அவளிடம் வந்தான். "ஏம்மா இப்படிப் பண்ணிட்ட? எங்களக் கேவலப்படுத்திட்டியே."

நீங்க மறுபடி நீ ஆகியிருந்தது.

"நானா பண்ணுனேன்?" என்றாள். அதற்குமேல் அவனுக்காக ஒரு வார்த்தை செலவழிக்க அவளுக்கு மனசில்லை. பந்தியில் பிரியாணிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நோட்டில் கையெழுத்துப் போடாமல் மூன்றை எடுத்துக்கொண்டு நடந்தாள். நோட்டுக்காரன் "ஏம்மா, ஏம்மா" என்று கூப்பிட்டான். ஏஞ்சலின் திரும்பி, "பயனாளிதாண்ணே" என்றாள்.

வீட்டில் ராயப்பராஜ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். மைக் சத்தம் காற்றோடு காற்றாக ஊருக்குள்ளும் கேட்டிருந்தது.

"சொல்லிட்ட போல."

"ஆமா."

"எதுக்கு மேரி நமக்கு..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "சரி விடு. கேஸுக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஏறுனது ஏறுனதுதான். வக்கீலு சொல்லிட்டாரு."

அவள் நல்ல சேலையை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, பழைய சேலையைச் சுற்றிக்கொண்டாள். பொட்டலத்தைப் பிரித்து அவன் தட்டில் வைத்துக்கொண்டே, கம்பத்துப் பெட்டியைத் திறந்து காட்டினதையும் உள்ளே விளக்குமாறு இருந்ததையும் சொன்னாள். பொழுதுக்குள் நாலு சாக்காவது பறித்தாக வேண்டும்.

"அப்ப நிதி நின்னுபோகுமா?" என்று கேட்டான் அவன். குரலில் உண்மையான பயம் இருந்தது, என்னவோ தன் வீட்டுப் பணம் நின்றுவிடப் போகிற மாதிரி. "வெறும் பொட்டிய அந்த மனுசனே பாத்துட்டாருல்ல."

"பாத்தாரு. குனிஞ்சு நல்லாவே பாத்தாரு."

"பாத்துட்டு?"

"கூடக் கேளுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. வெளக்குமாறு வைக்கத் தனி ஹெட்டு வருது."

ராயப்பராஜ் அவளை ஒரு நிமிஷம் வெறித்துப் பார்த்தான். பிறகு அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று அவள் பதறி நெருங்கினாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். ஆடி மூன்றாம் வெள்ளிக்குப் பிறகு அந்த வீட்டில் அவன் சிரித்து அவள் பார்க்கவில்லை. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. தொடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"சிரிக்க வைக்காத மேரி," என்றான், கண்ணில் தண்ணீர் வழிய. "கம்பி இழுக்குது."

வாசலில் ஏஞ்சலினுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புஷ்பமேரி சாக்குகளை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இன்னும் சிரித்துக்கொண்டிருந்தவனுக்குத் தண்ணீர்ச் செம்பைக் கைக்கெட்ட வைத்துவிட்டுக் காட்டுக்கு நடந்தாள்.